மே மாத வெயிலில் அப்பா அம்மா, பிள்ளைகளோடு சென்னை பார்க்க வருகிறோம், யோசனை சொல்லுங்கள்

கரிசல்காடு

வணக்கம். கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறேன். மே இரண்டாவது வாரம் குடும்பத்தோடு சென்னை வருகிறோம். வெள்ளிக்கிழமை காலை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, திங்கள் ராத்திரி அதே வண்டியில் திரும்புகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. நான், வீட்டுக்காரர், அப்பா, அம்மா, எட்டாம் வகுப்பு மகள், நாலாம் வகுப்பு மகன். அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கோட்டையையும் எழும்பூர் மியூசியத்தையும் பார்க்காமல் திரும்பக் கூடாது என்கிறார். அம்மாவுக்குக் கபாலீசுவரர் கோயில். மகனுக்குக் கலங்கரை விளக்கத்தின் மேலே ஏற வேண்டும். மகாபலிபுரம் எல்லோருக்கும்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, அப்பா பிரஷருக்கு மாத்திரை போடுகிறார். கல்யாணம் காதுகுத்து என்று வந்து போனதோடு சரி, ஊரை நாங்கள் சுற்றிப் பார்த்ததே இல்லை.

இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம்: வெள்ளி கோட்டையும் மியூசியமும், சனி மயிலாப்பூர், ஞாயிறு மகாபலிபுரம், திங்கள் மெரினாவும் கலங்கரை விளக்கமும் பார்த்துவிட்டு அப்படியே ரயில். வெயிலை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இது சரிவருமா?

மாடவீதி

வாங்கம்மா. முதலில் திட்டத்தில் இருக்கும் பெரிய சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை. கலங்கரை விளக்கத்தில் திங்கட்கிழமை ஏற விடமாட்டார்கள். நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே செய்தால் உங்கள் அப்பாவுக்கும் மகனுக்கும் பூட்டிய கதவுதான் மிஞ்சும். இதோடு சேர்த்து மற்றதையும் குறித்துக்கொள்ளுங்கள்: விவேகானந்தர் இல்லம் திங்கள் விடுமுறை, முட்டுக்காடு தட்சிணசித்ரா செவ்வாய், வண்டலூர் பூங்காவும் செவ்வாய், அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் ஞாயிறு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எந்தெந்த இடம் என்று யோசிக்கிறார்களே தவிர எந்தக் கிழமை என்று யோசிப்பதில்லை, பாதிப் பேருக்கு ஏமாற்றம் வருவது அதனால்தான்.

அடுத்தது நேரம். மே மாதத்தில் இந்த ஊரில் வெளியே நடக்க இரண்டு பொழுதுதான் உண்டு. காலை ஆறு மணியிலிருந்து பத்து, மிஞ்சினால் பத்தரை. அப்புறம் சாயங்காலம் நாலரைக்கு மேல். நடுவில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கூரைக்கு அடியில் இருக்க வேண்டியதுதான். கோயில்களும் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும், அதனால் மதியத்தில் கோயிலுக்குக் கிளம்புவதில் அர்த்தமே இல்லை. காலைக்கு ஒரு வெளியிடம், மதியத்துக்கு ஒரு உள்ளிடம், மாலைக்குக் கடற்கரை பக்கம் ஏதாவது ஒன்று, மூன்றும் முடிந்தவரை ஒரே திசையில். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மே மாதத்திலும் சென்னையை நிம்மதியாகப் பார்க்கலாம்.

உங்களுக்கு நான் போடும் வரிசை: வெள்ளி காலை வந்ததும் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள், சாயங்காலம் மயிலாப்பூர். சனி காலை கோட்டை, மதியம் எழும்பூர் மியூசியம், மூன்றரை மணிக்கு மேல் கலங்கரை விளக்கம். ஞாயிறு விடியற்காலை மெரினா, திருவல்லிக்கேணி, மாலையில் பரங்கிமலை. திங்கள் மகாபலிபுரம், கூட்டமும் குறைவாக இருக்கும்.

தேரடி

வெள்ளி சாயங்காலம் மயிலாப்பூர் வேண்டாம் என்பேன். கற்பகாம்பாள் சந்நிதியில் வெள்ளிக்கிழமை மாலை நிற்கும் கூட்டத்தில் முழங்கால் வலிக்காரர் எப்படி நிற்பார்? சனி காலை ஆறு மணிக்குப் போனால் அரை மணியில் தரிசனம்.

மாடவீதி

அம்பாளை வெள்ளிக்கிழமை பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது, அவர் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவரே வெள்ளி என்றுதான் சொல்வார். நடை திறக்கும் நாலு மணிக்கே போய்விட்டால் கூட்டம் சேர்வதற்குள் தரிசனம் முடிந்துவிடும். ஆறு மணிக்கு மேல்தான் நெரிசல். அதற்குள் வெளிப் பிராகாரத்தில் புன்னை மரத்தடிக்கும் பூம்பாவை சந்நிதிக்கும் போய் உட்கார்ந்துவிடலாம். சம்பந்தர் பதிகம் பாடி, சாம்பலிலிருந்து பூம்பாவையை எழுப்பினார் என்று தலபுராணம் சொல்லும் இடம் அது. இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள், இப்போது இருக்கும் கோயில் பழைய இடத்தில் இல்லை. பழைய கோயில் கடற்கரையை ஒட்டி இருந்து, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்த பிறகு இங்கே எழுப்பப்பட்டது. அங்கிருந்து சாந்தோம் தேவாலயம் மிகப் பக்கம், 1896-ல் இன்றைய வடிவத்தில் கட்டி முடித்தது, அடியில் புனித தோமாவின் கல்லறை என்று நம்பப்படும் இடம். அதையும் அன்றே பார்த்துவிடலாம்.

ஒரு முக்கியமான விஷயம்: கல் தரை. செருப்பைக் கழற்றிவிட்டு நாலு மணி வெயிலில் பிராகாரத்தில் கால் வைத்தால் கொப்பளித்துவிடும். தரைவிரிப்பு போட்டிருக்கும் பாதையிலேயே நடங்கள், பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தடிமனான பருத்திக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

கடற்காற்று

வானிலையைத் தினமும் கவனிக்கிற பழக்கம் உள்ளவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். சென்னை வெயிலைத் தீர்மானிப்பது கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்பதுதான். தரை சீக்கிரம் சூடேறும், கடல் மெதுவாகத்தான் சூடேறும். தரைக்கு மேல் இருக்கும் காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். நல்ல நாளில் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கே வந்துவிடும், அன்றைக்கு வெப்பம் 37, 38-ஐத் தாண்டாது. மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று பலமாக இருந்தால் கடற்காற்றை உள்ளே விடாது, மூன்று மணி வரைக்கும் இழுத்தடிக்கும், அப்போதுதான் 40, 42 என்று போகும். மே கடைசியில், தென்மேற்குப் பருவக்காற்று நெருங்கும்போது இது அதிகம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த வகையில் இரண்டாவது வாரம் வருவது கடைசி வாரத்தை விடத் தேவலை, கத்திரி நடந்துகொண்டிருக்கும் என்றாலும்.

ஆனால் கடற்காற்று வந்ததும் வெப்பம் இறங்குமே தவிர புழுக்கம் ஏறும். கோவில்பட்டி வெயில் வறண்ட வெயில், வேர்வை உடனே காய்ந்துவிடும். இங்கே வேர்வை காயாது, சட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. எங்கள் ஊர் வெயிலையே பார்த்தவர்கள் நாங்கள் என்ற தைரியத்தில் வருகிறவர்கள் தளர்ந்து போவது அதனால்தான். கடலிலிருந்து உள்ளே போகப் போகச் சூடு கூடும், மீனம்பாக்கம் பக்கம் நுங்கம்பாக்கத்தை விட அதிகமாகவே இருக்கும். பரங்கிமலைக்கு மாலை ஐந்துக்கு மேல் போவதுதான் நல்லது.

மார்கழிப்பனி

ஏன் மே மாதம்? டிசம்பர் கடைசியில் வந்தால் கச்சேரி, கோலம், குளிர்ந்த காற்று எல்லாம் கிடைக்குமே. பெரியவர்களை இந்த வெயிலில் அலைக்கழிக்க வேண்டுமா?

சைதைத்தாய்

அரையாண்டு லீவு கொஞ்ச நாள்தான், அதில் மழை பெய்தால் முடிந்தது கதை. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஊர் சுற்றல் என்றால் கோடை லீவுதான், வேறு வழி இல்லை. டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள். வருகிறவர்களுக்கு எப்படி வசதி செய்யலாம் என்று பேசுவோம்.

தங்கும் இடம் எழும்பூர் பக்கம் பாருங்கள், ரயிலுக்கும் மியூசியத்துக்கும் பக்கம். அறை எடுக்கும்போது வாடகைக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: 24 மணி நேரக் கணக்கா, மதியம் பன்னிரண்டு மணிக் கணக்கா? நீங்கள் விடிகாலையில் இறங்குகிறீர்கள். பன்னிரண்டு மணிக் கணக்கு என்றால் ராத்திரி ரயிலில் வந்த களைப்போடு வரவேற்பறையில் மதியம் வரை உட்கார வைத்துவிடுவார்கள். எங்கள் சித்தி குடும்பத்துக்கு ஒரு விடுதியில் இது நடந்தது, ஏ.சி. அறை என்று பணம் வாங்கிவிட்டு மின்விசிறி அறையையும் கொடுத்தார்கள். போனில் பேசியதை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயம். பிள்ளைகளுக்கு நுங்கும் இளநீரும் கண்ணில் பட்ட இடத்தில் வாங்கிக் கொடுங்கள். தர்பூசணியை முன்பே வெட்டி வைத்ததை வாங்காமல், நம் கண் எதிரே வெட்டச் சொல்லுங்கள். நன்னாரி சர்பத் குடிக்கலாம், ஐஸ் கட்டி மட்டும் வேண்டாம், அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று நமக்குத் தெரியாது. மயிலாப்பூரில் காளத்தி கடை ரோஸ்மில்க், திருவல்லிக்கேணியில் ரத்னா கபே சாம்பார் இட்லி, இரண்டுமே உங்கள் வழியிலேயே வருகிறது. இட்லி சாம்பாரில் மிதந்துகொண்டுதான் வரும், மகனுக்குப் பிடிக்கும்.

கரிசல்காடு

எல்லோருக்கும் நன்றி. கிழமை விஷயம் தெரியாமலே வந்திருந்தால் அப்பா முகத்தைப் பார்த்திருக்க முடியாது. அம்மாவிடம் கேட்டேன், மாடவீதி ஐயா சொன்ன மாதிரியே வெள்ளிதான் என்றார்கள். கோட்டைக்குள் எல்லோரையும் விடுவார்களா? அது தலைமைச் செயலகம் ஆயிற்றே.

பாரிமுனை

விடுவார்கள். சனிக்கிழமை போவது நல்ல யோசனை, அலுவலகக் கூட்டம் இருக்காது. ஆதார் மாதிரி ஏதாவது அடையாள அட்டை எல்லோருக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், வாசலில் பையைச் சோதிப்பார்கள், பெரிய மூட்டை முடிச்சு வேண்டாம்.

உங்கள் அப்பாவுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த இடம் கிடைத்து, அடுத்த வருடமே கோட்டை வேலை ஆரம்பித்தது. சென்னை என்று இன்று நாம் சொல்லும் நகரம் இதைச் சுற்றித்தான் பெருகியது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்குப் பல நூறு வருடங்கள் மூத்தவை என்பது வேறு. உள்ளே முதலில் புனித மேரி தேவாலயத்துக்குப் போங்கள், 1680-ல் அர்ச்சிக்கப்பட்டது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று கூரையில் மரமே சேர்க்காமல் தடித்த சுவரும் வளைவுமாகக் கட்டியிருக்கிறார்கள், அதனால் வெளியே கொளுத்தும்போதும் உள்ளே உட்கார முடியும். ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்தது இங்கேதான், 1753-ல். வெளியே தரையில் பாவியிருப்பதெல்லாம் பழைய கல்லறைக் கற்கள், எழுத்துக்களை அப்பா படிக்க ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது, தலைக்குத் துணியோ குடையோ இருக்கட்டும்.

அப்புறம் மியூசியம். வாளும் துப்பாக்கியும் பிள்ளைகளுக்கு. பெரியவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது மேலே இருக்கும் தேசியக் கொடி. 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறிய அதே கொடி. நான் எத்தனை முறை பார்த்தாலும் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நகர்வேன். மியூசியம் தொல்லியல் துறையினுடையது, பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

வெளியே வந்து பாரிமுனை பக்கம் ஆட்டோவில் ஒரு சுற்று போதும், சனி என்பதால் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் போக முடியாது. 1892-ல் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தை வெளியிலிருந்து பாருங்கள். கிழக்குச் சுவரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு குண்டு போட்டதற்கான கல்வெட்டு இருக்கிறது. ஆளைப் பார்த்து "எம்டன்" என்கிறோமே, அந்தக் கப்பல்தான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்ல அப்பாவுக்கு அதை விட நல்ல இடம் கிடையாது.

பத்தரைக்கெல்லாம் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பக்கத்தில் மெட்ரோ இருக்கிறது, சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர், முழுக்க ஏ.சி.

வெண்கலக்கூடம்

எழும்பூர் மியூசியத்தில் எல்லாக் கட்டடத்தையும் பார்க்க முயற்சி செய்யாதீர்கள். 1851-ல் ஆரம்பித்தது, வளாகம் பெரிது, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெயிலில்தான் நடக்க வேண்டும். வெண்கலச் சிலைகளும் அமராவதிச் சிற்பங்களும் போதும். திருவாலங்காடு நடராசர், திருவெண்காடு அர்த்தநாரீசுவரர் இரண்டுக்கும் முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள். அர்த்தநாரீசுவரருக்குப் பின்பக்கமும் சுற்றிப் பார்க்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் ஆணாகவும் மறுபக்கம் பெண்ணாகவும் எப்படி ஒரே உடம்பில் இழைந்து போகிறது என்று அங்கேதான் தெரியும். பிள்ளைகளுக்குத் திமிங்கல எலும்புக்கூடு இருக்கும் பகுதி. படிக்கட்டுகள் உண்டு, அம்மா கீழேயே உட்கார்ந்துகொள்ளட்டும்.

தாம்பரம்லோக்கல்

போக்குவரத்து பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் மூன்றுக்கும் பறக்கும் ரயில் இருக்கிறது, மயிலாப்பூர் நிலையத்துக்கு மட்டும் திருமயிலை என்று பெயர். கட்டணம் மிகக் குறைவு, ஆனால் நிலையங்கள் உயரத்தில் இருக்கின்றன, நகரும் படி ஓடாத நாளும் உண்டு. அம்மா வருகிறபோது ஆட்டோதான் சரி. ஆறு பேர் என்பதால் ஒரு ஆட்டோ போதாது, செயலியில் பெரிய காராகப் போடுங்கள், அல்லது நம்ம யாத்ரி, ராபிடோவில் இரண்டு ஆட்டோ. சாலையில் கைகாட்டி ஏறினால் பேரம் பேசிவிட்டு ஏறுங்கள். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக மயிலாப்பூர் பக்கம் பாதைகளைத் திருப்பிவிட்டிருப்பார்கள், வரைபடம் காட்டும் நேரத்தோடு கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பரங்கிமலைக்கு கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில். 2025 ஏப்ரலிலிருந்து இந்தத் தடத்தில் ஏ.சி. ரயிலும் ஓடுகிறது, குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், எல்லா வண்டியும் அப்படி இல்லை, நேரம் பார்த்துப் போக வேண்டும். மலை மேலே வரை கார் போகும். உச்சியில் 1523-ல் போர்த்துக்கீசியர் எழுப்பிய தேவாலயம். லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1802-ல் இந்தியாவை அளக்கும் வேலையைத் தொடங்கிய அடிக்கோடு, அதாவது முதலில் அளந்த கோடு, இந்த மலையை ஒட்டித்தான் போடப்பட்டது, அப்பா அதைச் சொல்வார். மகனுக்கு விமானங்கள் இறங்குவது அப்படியே தெரியும்.

செவிலி

மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன், கோடையில் வெளியூர்க்காரர்கள் மயங்கி வருவதைப் பார்க்கிறேன் என்பதால் இதைக் கண்டிப்பாகப் படியுங்கள். பிரஷர் மாத்திரைகளில் சிலது சிறுநீரை அதிகம் பிரிக்கும் வகை. அப்பா போடுவது அதுவா என்று கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம், மணிக்கு ஒரு முறை தண்ணீர், நடுநடுவே உப்புப் போட்ட மோர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் சில வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பாக்கெட் ஒன்று ஒரு லிட்டர் தண்ணீருக்கு, பாதித் தண்ணீரில் கரைத்துக் கொடுக்காதீர்கள். தலைசுற்றல், குமட்டல் என்றால் உடனே நிழல், ஈரத் துணி. உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108.

பெண்களுக்கு ஒன்று. வெளியே கழிப்பறை சுத்தமாக இருக்காதே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறோம். மியூசியம், மெட்ரோ நிலையம், பெரிய உணவகம் என்று இடையிடையே நிறுத்தம் வைத்துக்கொண்டால் அந்தக் கவலை இல்லை.

சைதைத்தாய்

ஞாயிறு மதியத்துக்கு யாரும் இடம் சொல்லவில்லையே. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், ஏ.சி., குழந்தைகளுக்குத் தனித் தளமே இருக்கிறது. பக்கத்தில் பிர்லா கோளரங்கம், தமிழில் காட்சி உண்டு. விடியற்காலை ஐந்தே முக்காலுக்குச் சூரியன் வரும், ஐந்தரைக்கு மெரினாவில் இருங்கள். பிள்ளைகள் காலை நனைக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். அலை பார்க்கச் சாதாரணமாக இருக்கும், உள்ளிழுப்பு பலம், வருடா வருடம் உயிர் போகிறது. அங்கிருந்து பார்த்தசாரதி கோயில், மீசையோடு நிற்கும் பெருமாளை அம்மாவுக்குக் காட்டுங்கள்.

கரிசல்காடு

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதியாயிற்று. கடைசியாக ஒன்று, திங்கள் மகாபலிபுரம் போய்விட்டு எழும்பூர் திரும்பி, அறையைக் காலி செய்து ரயில் பிடிக்க நேரம் போதுமா?

தாம்பரம்லோக்கல்

எழும்பூர் எதற்கு? உங்கள் வண்டி தாம்பரத்தில் நிற்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு அறையைக் காலி செய்து, சாமான்களோடு காரை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை அந்த நேரத்தில் காலியாக இருக்கும். கடற்கரைக் கோயில் ஆறு மணிக்குத் திறக்கிறது, வெயில் ஏறுவதற்குள் அதை முடியுங்கள், வாசலிலிருந்து கொஞ்ச தூரம் நடை உண்டு. அடுத்து ஐந்து ரதம், அதே டிக்கெட் செல்லும், நாற்பது ரூபாய். கடைசியாக அர்ச்சுனன் தபசு. அது கிழக்குப் பார்த்த பாறை, காலை வெயில் நேராக விழுவதால் ஒவ்வொரு உருவமும் துலக்கமாகத் தெரியும், அம்மா சாலையோரத்தில் நின்றே பார்த்துவிடலாம். மலை மேலே இருக்கும் மகிஷமர்த்தினி குகைக்கு மற்றவர்கள் போய்வரட்டும். வெண்ணெய்ப் பாறையில் பிள்ளைகள் சறுக்கப் போவார்கள், ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பாறை சுடும்.

பத்து மணிக்குக் கிளம்பி முட்டுக்காடு தட்சிணசித்ரா. பழைய செட்டிநாட்டு வீடு, கேரள வீடு எல்லாம் கொண்டுவந்து அமைத்திருக்கிறார்கள், திண்ணையும் மரநிழலும் இருக்கிறது, மதியச் சாப்பாடும் அங்கேயே. வெயில் தாழ்ந்ததும் கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம். சென்னை நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம்.

டிக்கெட்டில் ஏறும் நிலையத்தை மட்டும் தாம்பரம் என்று முன்கூட்டியே மாற்றிவிடுங்கள், கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். மாற்றிய பிறகு எழும்பூரில் ஏற முடியாது, அதை வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

கரிசல்காடு

இன்றைக்கே மாற்றிவிடுகிறேன் அண்ணா. கார் ஏழு பேர் உட்காரும் வண்டியாகச் சொல்லிவிடவா, சாமான் இருக்கிறதே?

தாம்பரம்லோக்கல்

ஆமாம், மேலே கேரியர் உள்ளதாகக் கேளுங்கள். ஆறு பேரும் ஏறி உட்கார்ந்தால் பின்னால் பெட்டி வைக்க இடம் இருக்காது.